சரக்கு நகரும்போது எனக்கு வேலையில்லை

கேள்வி இது: "ஒரு பெரிய பன்னாட்டு நிறுவனத்தில் உற்பத்தித் திட்டமிடலில் இருந்தேன். இப்போது உலகளாவிய சரக்குப் போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். கப்பலை ஓட்டுவது கப்பல் கம்பெனி, டிரெய்லரை ஓட்டுவது லாரிக்காரர், சுங்கத்தில் அனுமதி வாங்குவது கஸ்டம்ஸ் புரோக்கர். அப்படியானால் இந்தப் பிரிவு எதைத்தான் நிர்வகிக்கிறது? எங்கிருந்து தொடங்குவது?"

இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு வாகன உதிரிபாகங்கள் அனுப்பும் வேலையில் இருக்கிறேன். உங்கள் சந்தேகம் சரிதான். நாங்கள் எதையும் நகர்த்துவதில்லை. சரக்கு ஓடிக்கொண்டிருக்கும்வரை எனக்கு வேலையே கிடையாது. அது எங்கேயாவது நின்றால்தான் என் தொலைபேசி அடிக்கும். எங்கே நிற்கும், எத்தனை நாள் நிற்கும், அந்த நாளுக்கான காசை யார் கொடுப்பது என்ற மூன்றையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

சென்னை அருகே ஒரகடத்திலிருந்து ஜெர்மனிக்குப் போகும் ஒரு கன்டெய்னரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 கடைசியில் வந்த செங்கடல் சிக்கலுக்கு முந்தைய காலத்துக் கணக்கு இது. தொழிற்சாலையில் ஏற்றி முடித்து டிரெய்லர் கிளம்புகிறது. அரை நாளில் துறைமுகம். அங்கே கப்பலுக்காக மூன்று, நான்கு நாள் காத்திருப்பு. பெரிய கப்பலுக்குச் சரக்கு கொண்டுசேர்க்கும் சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்புக்கு இரண்டு நாள். கொழும்பில் பெரிய கப்பலுக்காக நான்கிலிருந்து ஏழு நாள். பிறகு சூயஸ் வழியாக ஹாம்பர்க்குக்கு மூன்று வாரம். அங்கே இறங்கிச் சுங்கம் முடித்து வெளியேற மூன்று நாள், கடைசியாக லாரியில் ஒரு நாள். கூட்டிப் பாருங்கள். ஓடியது இருபத்தைந்து நாள்போல. பத்திலிருந்து பதினான்கு நாள் சும்மா நின்றிருக்கிறது. ஓடும் நாளை நீங்கள் குறைக்க முடியாது, அது கப்பல் கம்பெனியின் எண்ணெய்ச் செலவுக் கணக்கு. நிற்கும் நாளில் பாதியையாவது குறைக்கலாம்.

கன்டெய்னர் பிறந்த கதையும் இதுதான். அதற்கு முன் மூட்டை மூட்டையாக, பெட்டி பெட்டியாக ஏற்றி இறக்கிய காலத்தில், கப்பல்கள் கடலில் இருந்த நாளுக்குச் சமமாகத் துறைமுகத்திலும் கட்டிக்கிடந்தன. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 1956 ஏப்ரல் 26 அன்று நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் 58 பெட்டிகளை அனுப்பினார். ஒரு டன்னை ஏற்றும் செலவு 5.86 டாலரிலிருந்து 16 சென்ட் அளவுக்கு இறங்கியது என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. பெட்டி புதுமையானதே இல்லை. நடுவில் பிரிக்காமல் வாசலிலிருந்து வாசலுக்கு ஒரே பூட்டில் போகலாம் என்பதுதான் புதுமை.

அந்தப் பூட்டுக்கு முன்னால் நடப்பதைப் பலரும் அற்பமாக நினைக்கிறார்கள். நான் சேர்ந்த புதிதில் எங்கள் ஏற்றுமதித் தளத்தில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். காலி கன்டெய்னர் வந்ததும் அதற்குள் போய் நின்றுகொண்டு, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்வார். உள்ளே கும்மிருட்டு. இரண்டு நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு கூரையையும் பக்கச் சுவர்களையும் பார்ப்பார். எங்கேயாவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டி திரும்பிப் போகும். பிறகு மூச்சை இழுத்து மோந்து பார்ப்பார். போன முறை ரசாயனமோ மீனோ போயிருந்தால் மரத்தரை காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகுதான் கதவில் இருக்கும் எண்ணைப் படிப்பார்: நான்கு எழுத்து, ஏழு இலக்கம், கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கான இலக்கம். ஒரு எண்ணை மாற்றி எழுதினால் கணினியே மறுத்துவிடும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாததால் கடலில் ஒரு மாதம் நனைந்து துருப்பிடித்துப் போய்ச் சேர்ந்த எஃகுப் பாகங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைத் திரும்பச் செய்து விமானத்தில் அனுப்பிய செலவில் அந்த மனிதருக்குப் பல ஆண்டுச் சம்பளம் கொடுத்திருக்கலாம்.

பெட்டியை நிரப்புவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 40 அடிப் பெட்டியில் 20 அடிப் பெட்டியைப்போல் இரண்டு மடங்கு இடம் இருக்கும்; ஆனால் ஏற்றக்கூடிய எடை ஏறத்தாழ அதே அளவுதான். எங்கள் வார்ப்பிரும்புப் பாகங்களுக்கு எடை முந்திக்கொள்ளும். பாதிப் பெட்டி காலியாக இருக்கும்போதே எடை வரம்பு வந்துவிடும். மெத்தையும் அறைகலனும் அனுப்புகிறவருக்கு இடம் முந்திக்கொள்ளும். மெக்லீன் கப்பல் விட்ட அதே 1956இல்தான் ஸ்வீடனின் ஐகியா நிறுவனம் மேசைக் காலைக் கழற்றித் தட்டையான அட்டைப் பெட்டியில் விற்கத் தொடங்கியது. காற்றைச் சுமந்துகொண்டு போகக் காசு கொடுக்கமாட்டேன் என்ற பிடிவாதம் அது. உங்கள் நிறுவனத்தின் பொருளுக்கு எடை முந்துகிறதா, இடம் முந்துகிறதா என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பேக்கிங் வடிவமைப்பவருடன் நீங்கள் சண்டை போடுவீர்களா, கப்பல் கம்பெனியுடன் சண்டை போடுவீர்களா என்பது அதைப் பொறுத்தது.

அந்தப் பேக்கிங்கிலேயே ஒரு முறை நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். சரக்கை அடுக்கும் மரத்தட்டுகளான பேலட்டுகள் பன்னாட்டு எல்லையைத் தாண்ட வேண்டுமானால், மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏற்றியிருக்க வேண்டும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட வேறு முறையில் பூச்சிகளைக் கொன்றிருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை ஒன்றைச் சுட்டிருப்பார்கள். எங்கள் பேலட்டுகள் எல்லாமே முத்திரையிட்டவை. ஆனால் அன்று ஏற்றியவர்கள், சரக்கு ஆடாமலிருக்க இடைவெளியில் கிடைத்த மரக்கட்டைகளைச் சொருகிவிட்டார்கள். ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் தாவர நோய்த் தடுப்பு அதிகாரி கதவைத் திறந்தார். எனக்கு வந்த மின்னஞ்சலில் ஒரே ஒரு படம்: நல்ல பேலட்டுகள் இரண்டுக்கு நடுவே, பட்டை உரியாத, முத்திரை இல்லாத நான்கு கட்டைகள். ஐம்பது ரூபாய்கூடப் பெறாது. பெட்டி பதினாறு நாள் நின்றது. சோதனைக் கட்டணம், கட்டைகளை அழிக்கும் கட்டணம், தினசரி வாடகை, எல்லாவற்றுக்கும் மேல் அந்த முனையில் பாகத்துக்காகக் காத்திருந்த வாடிக்கையாளரின் கோபம். அன்றிலிருந்து எங்கள் தளத்தில் தனி மரக்கட்டை என்ற ஒன்றே கிடையாது, காற்றடைத்த பைகள்தான்.

இப்படி நின்றால் விழும் வாடகைக்கு இரண்டு பெயர்கள். இலவச நாள்கள் தாண்டியும் பெட்டி துறைமுக வளாகத்துக்குள் கிடந்தால் டெமரேஜ். நீங்கள் வெளியே எடுத்துப்போய்க் காலிப் பெட்டியைத் திருப்பித் தராமல் வைத்திருந்தால் டிடென்ஷன். நாளாக ஆக இந்தக் கட்டணம் படிப்படியாக ஏறும். கப்பல் கட்டணத்தைப் பத்து டாலர் குறைக்க ஒரு வாரம் பேரம் பேசிவிட்டு, இலவச நாள்களை ஐந்தாக ஒப்புக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இலவச நாளைப் பத்தாக வாங்கியிருந்தால் ஆண்டுக் கடைசியில் அவர்கள்தான் முன்னால் இருந்திருப்பார்கள்.

இந்த வேலையில் இருப்பவர்கள்கூடத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. நிர்வாகம் எப்போதும் "சராசரியாக எத்தனை நாள் ஆகிறது?" என்றுதான் கேட்கும். சராசரியால் ஒரு பயனும் இல்லை. எப்போதும் 44 நாளில் போய்ச் சேரும் பாதை ஒன்று. சராசரி 40 நாள், ஆனால் ஒரு முறை 34, மறுமுறை 49 என்று ஆடும் பாதை ஒன்று. நான் முதலாவதைத்தான் எடுப்பேன். இரண்டாவதில் 49 நாளுக்கும் ஈடுகொடுக்கும் அளவுக்கு அந்த முனையில் பாதுகாப்பு இருப்பு வைத்தாக வேண்டும். சரக்கு 34 நாளிலேயே முந்தி வந்துவிட்டால் அதை வைக்க இடமும் இருக்காது. நீங்கள் உற்பத்தித் திட்டமிடலில் இருந்தவர் என்பதால் உங்களுக்கு இது எளிதில் பிடிபடும். பிந்துவது எங்களுக்குப் பழகியது. எவ்வளவு பிந்தும் என்று சொல்ல முடியாததுதான் கையைச் சுடும்.

இதற்கு 2023 டிசம்பரைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். சென்னையில் துறைமுக வேலை நின்றது, சுற்றியிருந்த பல தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்தின. தண்ணீர் வடிந்து, தேங்கியதையெல்லாம் அனுப்பி முடிக்கும் நேரத்தில் அடுத்த அடி செங்கடலிலிருந்து வந்தது. நவம்பர் 19 அன்றே கேலக்ஸி லீடர் என்ற கார் ஏற்றும் கப்பலை யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஹெலிகாப்டரில் இறங்கிக் கைப்பற்றியிருந்தார்கள். அப்போது அது தனி நிகழ்ச்சி என்றே பலரும் நினைத்தோம். டிசம்பர் 15 அன்று கப்பல் கம்பெனிகளான மெர்ஸ்க்கும் ஹபாக் லாயிடும் செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டப் நீரிணை வழியாகப் போவதை நிறுத்துவதாக அறிவித்தன. அடுத்த சில நாளில் எம்.எஸ்.சி., சி.எம்.ஏ. சி.ஜி.எம். எல்லாம் அதே முடிவுக்கு வந்தன. ஐரோப்பா போக வேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. ஆசியா–ஐரோப்பாப் பயணத்தில் ஏறத்தாழ 3,500 கடல் மைல் கூடுதல். 10 முதல் 14 நாள் கூடுதல்.

கூடுதல் நாள் மட்டும் என்றால் ஒரு முறை பிந்திவிட்டு அப்புறம் சரியாகியிருக்க வேண்டுமே என்று தோன்றும். ஆகவில்லை; காரணம் இதுதான். வாரம் ஒரு கப்பல் கிளம்ப வேண்டும், சுற்றுப் பயணம் 84 நாள் என்றால், அந்தப் பாதைக்கு 12 கப்பல் போதும். போக வர மூன்று வாரம் கூடி 105 நாள் ஆனால் 15 கப்பல் வேண்டும். அந்த மூன்று கப்பலுக்கு எங்கே போவது? இல்லாதபோது சில வாரங்களில் கப்பலே கிளம்பாது. காலிப் பெட்டிகளும் மூன்று வாரம் பிந்தித் திரும்பும். ஆக ஜனவரியில் சென்னையில் 40 அடிப் பெட்டி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் அட்டவணை குலைந்து, பெட்டிகள் அடுத்த கப்பலுக்கு, அதற்கடுத்த கப்பலுக்கு என்று தள்ளிப்போயின. 'ரோல் ஆகிவிட்டது' என்பார்கள். அந்தச் சொல்லை அந்த மாதம் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை.

அந்த முனையில் என்ன நடந்தது என்பது செய்திகளிலேயே வந்தது. பெர்லின் அருகே டெஸ்லா தொழிற்சாலை பாகங்கள் இல்லாமல் 2024 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 11 வரை பெரும்பாலான உற்பத்தியை நிறுத்தியது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் வோல்வோ மூன்று நாள் நிறுத்தியது. வராமல் போனது கியர்பாக்ஸ். பல்லாயிரம் பாகங்கள் கொண்ட காரில் ஒன்று இல்லையென்றாலும் கார் இல்லை.

அந்த வாரங்களில் எங்கள் பிரிவு செய்தது, ஒரு பெரிய அட்டவணையை விரித்துவைத்துக்கொண்டு பாகம் பாகமாகப் பிரித்ததுதான். எது வராவிட்டால் வாடிக்கையாளரின் உற்பத்தி வரிசை நிற்கும்? அது எத்தனை கிலோ, எத்தனை கன மீட்டர்? விமானத்தில் ஒரு கன மீட்டரை 167 கிலோ எடையாகக் கணக்கிட்டுக் கட்டணம் போடுவார்கள். உண்மை எடை அதைவிட அதிகமென்றால் உண்மை எடைக்கு. ஆகச் சிறிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருக்கும் சென்சார் விமானத்தில் போகலாம். வார்ப்பிரும்பு உறை போகக் கூடாது. நடுத்தரமானவற்றைத் துபாய்வரை கப்பலிலும் அங்கிருந்து விமானத்திலும் அனுப்பினோம். விமானத்தைவிட மலிவு, கப்பலைவிட வேகம். மீதியெல்லாம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றட்டும் என்று விட்டோம். எங்கள் சரக்கில் நூற்றுக்கு நான்கைந்து மட்டுமே ஆகாயத்தில் போனது. வாடிக்கையாளரின் வரிசை நிற்கவில்லை. "எல்லாவற்றையும் விமானத்தில் அனுப்பு" என்று முதல் நாள் கத்திய மேலதிகாரி, செலவுக் கணக்கு வந்த பிறகு "ஏன் இவ்வளவு விமானம்?" என்று கேட்டார். இது இந்த வேலையின் சம்பிரதாயம், மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடலில் கூடும் நாளுக்கு வட்டியும் உண்டு. வாரம் 5 கோடி ரூபாய்ச் சரக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கூடுதல் என்றால் எப்போதும் 10 கோடி ரூபாய் கூடுதலாகக் கடலில் மிதக்கிறது. 10 சதவீத வட்டியில் ஆண்டுக்கு ஒரு கோடி. கப்பல் கட்டண ரசீதில் இந்தக் கோடி தெரியாது. நிதிப்பிரிவின் கணக்கில்தான் தெரியும். அதனால் நிதிப்பிரிவில் ஒரு நண்பரைச் சம்பாதித்துக்கொள்வது நல்லது. மறுபக்கம், விலை மிகுந்த பொருளுக்குக் கணக்கே வேறு. 2025 ஏப்ரலில், அமெரிக்க வரி உயர்வுக்கு முன்னால் முந்திக்கொள்வதற்காக, சென்னை விமான நிலையத்திலிருந்து சரக்கு விமானங்களை வாடகைக்கு அமர்த்தி ஏறத்தாழ 600 டன் ஐபோன்களை ஆப்பிள் அனுப்பியதாகச் செய்தி வந்தது. ஒரு கிலோவுக்கு அவ்வளவு மதிப்பிருந்தால் விமானக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை, பிந்தும் நாள்தான் செலவு. எங்கள் வார்ப்பிரும்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கப்பல் கம்பெனிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைக்கக் கூடாது என்று மூன்று கம்பெனிகளுக்குச் சரக்கைப் பிரித்துக் கொடுத்து நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. அந்த மூன்றும் ஒரே கூட்டணியில் இருந்தால் உங்கள் மூன்று பெட்டிகளும் ஒரே கப்பலில்தான் ஏறியிருக்கும். கூட்டணிக்குள் ஒருவர் கப்பலில் மற்றவர் இடம் எடுத்துக்கொள்வார்கள். 2025 பிப்ரவரியில் இந்தக் கூட்டணிகள் மறுபடியும் கலைந்து சேர்ந்தன: மெர்ஸ்க்கும் ஹபாக் லாயிடும் ஜெமினி என்று ஒன்றாகின, எம்.எஸ்.சி. பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறது, மற்றவர்கள் ஓஷன், பிரீமியர் என்று பிரிந்திருக்கிறார்கள். ஆகக் கம்பெனியின் பெயரைப் பார்க்காதீர்கள், கப்பலின் பெயரைப் பாருங்கள்.

இரண்டு, மிக மலிவான கட்டணம் எப்போதும் ஒரு கேள்வியோடு வரும். தென்கொரியாவின் ஹன்ஜின் 2016 ஆகஸ்ட் 31 அன்று நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டபோது உலகின் ஏழாவது பெரிய கன்டெய்னர் கம்பெனி. கூலி கிடைக்காது என்ற பயத்தில் துறைமுகங்கள் அதன் கப்பல்களை உள்ளே விடவில்லை. ஏறத்தாழ 1,400 கோடி டாலர்ச் சரக்கு நடுக்கடலில் நின்றது. இரண்டு கப்பல்களில் மட்டும் தன்னுடைய 3.8 கோடி டாலர்ச் சரக்கு இருப்பதாகவும், அதை ஈடுகட்ட 16 விமானங்களை அமர்த்த 88 லட்சம் டாலர் ஆகும் என்றும் சாம்சங் அமெரிக்க நீதிமன்றத்தில் சொன்னது. சாம்சங்குக்கே அந்த நிலை.

கட்டணத்தைப் பொறுத்தவரை ஆண்டு ஒப்பந்தமா, அன்றாடச் சந்தை விலையா என்ற வாதம் ஓயாது. 2019இல் கப்பல் துறை ஆய்வு நிறுவனமான ட்ரூரியின் உலகக் கன்டெய்னர் கட்டணக் குறியீடு 40 அடிப் பெட்டிக்குச் சராசரியாக 1,420 டாலர். 2021 செப்டம்பரில் அது 10,377 டாலரைத் தொட்டது. சந்தை விலையில் மட்டுமே ஓட்டியவர்கள் அழுதார்கள். ஒப்பந்தம் வைத்திருந்தவர்களும் சிரிக்கவில்லை. ஒப்பந்த விலைக்கு இடமில்லை, கூடுதல் தொகை கொடுத்தால் இடமுண்டு என்ற பதில்தான் அவர்களுக்கும் வந்தது. என் அனுபவத்தில், மாதம் தவறாமல் சொன்ன அளவு சரக்கைக் கொடுத்தவருக்குத்தான் நெருக்கடியில் இடம் கிடைக்கிறது. நூறு பெட்டி தருவேன் என்று ஒப்பந்தம் போட்டு, சந்தை விலை இறங்கியதும் நாற்பது மட்டும் கொடுத்தவரை யாரும் ஞாபகத்தில் வைத்து உதவமாட்டார்கள்.

காகிதத்துக்கு வருவோம். எனக்குப் பிடிக்காத பகுதி, ஆனால் பெட்டிகள் அதிகம் நிற்பது இங்கேதான். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங் வழக்கமாக மூன்று அசல் பிரதிகளாக வரும். அதில் ஒன்றைக் கொடுத்தால்தான் அந்த முனையில் சரக்கை விடுவார்கள். முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடம் காசு வருவதற்கு முன் சரக்கு போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் பன்னாட்டு நிறுவனத்தின் சரக்கில் பெரும்பகுதி தன்னுடைய சொந்தக் கிளைக்கே போகிறது. அப்போதும் பழக்க தோஷத்தில் அசல் பிரதியை எடுத்து, கூரியரில் அனுப்பி, அது வழியில் தொலைந்து, கப்பல் போய்ச் சேர்ந்தும் பெட்டி வெளியே வராமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சொந்தக் கிளைக்குச் சீ வேபில் என்ற எளிய சரக்குச் சீட்டு போதும். அசல் காகிதம் எதுவும் பயணம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் நிறுவனத்தில் இதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பார்த்திருக்கமாட்டார்கள்.

விற்பவரிடமிருந்து வாங்குபவருக்குச் செலவும் பொறுப்பும் எங்கே கைமாறும் என்று சொல்லும் பன்னாட்டு விதித்தொகுப்பு இன்கோடெர்ம்ஸ். அதன் 2020 பதிப்பில் மொத்தம் 11 விதிகள். நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்தவை எஃப்.ஓ.பி.யும் சி.ஐ.எஃப்.பும்தான். கன்டெய்னருக்கு எஃப்.ஓ.பி. பொருந்தாது என்பதைப் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. சரக்கு கப்பலில் ஏறும்வரை இழப்பு விற்றவருடையது என்று அது சொல்கிறது. ஆனால் பெட்டியைத் துறைமுக வாசலில் ஒப்படைத்ததோடு நம் கைப்பிடி போய்விடுகிறது. உள்ளே நான்கு நாள் கிடக்கும்போது வெள்ளம் புகுந்தால், நம் கையில் இல்லாத பெட்டிக்கு நாம் பொறுப்பு. எஃப்.சி.ஏ. என்று எழுதினால் ஒப்படைத்த இடத்தோடு பொறுப்பும் கைமாறிவிடும். மூன்று எழுத்தில் ஒன்றிரண்டை மாற்றுவதற்கு ஒரு செலவும் இல்லை.

இன்னொன்று காப்பீடு. சேதமே ஆகாத சரக்குக்கும் நஷ்டப் பங்கு கொடுக்க வேண்டி வரும் என்றால் புதிதாக வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாளில் மீண்டது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு இழப்பீட்டுத் தகராறில் ஜூலை 7 வரை எகிப்து அதைப் பிடித்துவைத்திருந்ததும், கப்பல் உரிமையாளர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்ததும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன அசாதாரணச் செலவை, கப்பல் உரிமையாளரும் கப்பலில் சரக்கு வைத்திருந்த அனைவரும் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற மிகப் பழைய கடல் வழக்கம் அது. உத்தரவாதம் கொடுக்காமல் உங்கள் பெட்டி உங்கள் கைக்கு வராது. காப்பீடு எடுத்தவர் சார்பில் காப்பீட்டு நிறுவனம் கடிதம் கொடுக்கும். எடுக்காதவர் ரொக்கம் கட்ட வேண்டும். "இத்தனை வருடத்தில் ஒன்றும் நடக்கவில்லையே" என்று கடல் காப்பீட்டை நிறுத்தச் சொல்லும் நிதி அதிகாரி ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒருவர் இருப்பார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கணினித் திரையைப் பற்றியும் கேட்பீர்கள். பெரிய நிறுவனங்களில் 'கன்ட்ரோல் டவர்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்; உலக வரைபடத்தில் கப்பல்கள் புள்ளி புள்ளியாக நகரும். பார்க்க நன்றாக இருக்கும், விருந்தினருக்குக் காட்டலாம். நிஜமான பயன், ஏற்கெனவே போட்ட திட்டத்திலிருந்து விலகிய பெட்டிகளை மட்டும் பிரித்துக் காட்டுவதில் இருக்கிறது. ஐயாயிரம் பெட்டியில் நூறுதான் இன்று என் கவனத்துக்கு வர வேண்டும். அதே சமயம் அந்தத் திரை இருண்டால் என்ன செய்வது என்பதும் எழுதிவைத்திருக்க வேண்டும். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற கணினி வைரஸ் தாக்குதலில் மெர்ஸ்க்கின் கணினிகள் உலகம் முழுவதும் முடங்கின. மும்பை அருகே நவசேவாவில் அவர்கள் நடத்திய முனையமும் அதில் அடங்கும். 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் புதிதாக நிறுவினார்கள். அதற்கு அடித்தளமாக இருந்த முக்கியத் தகவல்களின் ஒரே ஒரு நல்ல பிரதி கானாவில் கிடைத்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் இல்லாததால் அந்தக் கணினி தப்பித்திருந்தது. நான் அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடலில் இருக்கும் பெட்டிகளின் எண், கப்பல், சேருமிடம் மூன்றையும் ஒரு தாளில் அச்செடுத்து மேசையில் வைக்கிறேன். இளையவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இனி எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு. போன ஆண்டில் அதிகச் செலவான பத்துச் சரக்குகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தெந்த இடத்தில் எத்தனை நாள் நின்றது என்று நீங்களே தேதி போட்டு எழுதுங்கள். யாருடைய அறிக்கையையும் நம்ப வேண்டாம். துறைமுக வாசல் சீட்டு, கப்பல் கிளம்பிய தேதி, சுங்க அனுமதித் தேதி எல்லாம் எங்கேயாவது கிடைக்கும். பத்தில் ஏழு ஒரே இடத்தில் நின்றிருக்கும். பிறகு ஒரு இரவு ஏற்றுமதித் தளத்தில் நில்லுங்கள், ஒரு பகல் உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கரின் அலுவலகத்தில் உட்காருங்கள்.

கடைசியாக ஒரு காலண்டர் வாங்கி அதில் சிவப்பு மையால் குறியுங்கள். சீனப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம்: கப்பல்கள் ரத்தாகும். அக்டோபர் முதல் வாரம்: சீனாவில் மறுபடி விடுமுறை. டிசம்பர் கடைசி: ஐரோப்பாவில் சரக்கை இறக்கி வைக்க ஆள் இருக்காது. நம் பக்கத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரம்: டிரெய்லர் ஓட்டுநர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பொங்கல் முடிந்து அவர்கள் திரும்பி வர இருபதாம் தேதி ஆகும்; பதினேழாம் தேதிக் கப்பலுக்குச் சரக்கு வேண்டுமென்றால் பத்தாம் தேதியே பெட்டி துறைமுகத்துக்குள் இருக்க வேண்டும்.